நுரை ஏறும் தண்ணீருக்கு எத்தனை அடி சுவர்?

தண்ணீரை அளக்கிற ஆளை ஊருக்குத் தெரியும், காற்றை அளக்கிற ஆளைக்கூட டிவியில் காட்டுகிறார்கள்; தண்ணீருக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அளக்க ஒருத்தி இருக்கிறாள் என்றால் மட்டும் யாரும் நம்புவதில்லை.

அந்த ஒருத்தி நான்தான். பெயர் ஜெசிந்தா. ஓசூர் தொழிற்பேட்டையில் போல்ட் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி கம்பெனிக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று இருக்கிறது. அணையோ, ஏரியோ, வாய்க்காலோ எது கட்டுவதாக இருந்தாலும் முதலில் அதைச் சின்னதாக அக்ரிலிக்கில் செய்து, பம்ப் வைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்து, "கட்டலாம்" என்றோ "இப்படிக் கட்டாதீங்க" என்றோ எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. முதலாளி ரமேஷ் சார் கணக்குப் போடுவார். நஞ்சப்பண்ணன் அக்ரிலிக் வெட்டி ஒட்டுவார். நான் அளப்பேன். பதினாறு வருஷமாக அளக்கிறேன்.

பார்க்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க முடியாமல் விழி பிதுங்கி நின்றவர்கள், செய்த தப்பை நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தப்பும் ஒன்று இதில் வருகிறது. புருஷனும் பெண்டாட்டியுமாக ஆறு வருஷம் வளர்த்த ரோஜாத் தோட்டம் அந்தத் தப்பால் தண்ணீரோடு போக இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் எங்கள் தொழில் இன்னதென்று புரியாமல் அந்தத் தப்பு புரியாது. அதனால் முதலில் ரெண்டு சின்ன விஷயம்.

நாத்தனார் கேட்ட கேள்வி

கிருஷ்ணகிரியில் என் நாத்தனார் வீட்டு நிச்சயதார்த்தம். மாதா கோயிலில் மந்திரிப்பு முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தர் என்னிடம், "நீங்க எங்க வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார், "அது என்னமோ தண்ணி கம்பெனிங்க, கேன் போடறாங்க" என்று சொல்லி முடித்துவிட்டாள். பதினாறு வருஷமாக நான் கேன் போடுவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சீக்கிரம் போகவும் போகும்.

இலைக்குப் பக்கத்திலிருந்த மோர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். "இங்க பாரு. மோரைச் சும்மா ஊத்தினா டம்ளர்ல பாதிதான் வரும். அதையே வேகமாக் கடைஞ்சு ஊத்தினா நுரை கட்டிக்கிட்டு வெளிய வழியுது இல்ல? மோர் அதே மோர்தான். உள்ள காத்து பூந்துடுச்சு. சரிவுல வேகமா ஓடற தண்ணியும் அப்படித்தான். கொஞ்ச தூரம் கண்ணாடியாட்டம் வரும், அப்புறம் திடீர்னு பால் மாதிரி வெளுத்துடும். வெளுத்தா உப்பிடும். உப்பினா வாய்க்கால் சுவரைத் தாண்டிடும். எவ்வளவு உப்பும், சுவர் எவ்வளவு உயரம் வேணும்னு சொல்றதுதான் என் வேலை." சோறு ஆறும்வரைக்கும் பேசினேன். மாப்பிள்ளை வீட்டம்மா மரியாதையாகத் தலையை ஆட்டினார். நாத்தனார் ரொம்ப நேரம் யோசித்தாள். யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்ப இத்தனை வருஷமா டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு ஓசூர் போயி மோரா கடையற நீ?"

மாங்கூழ் கம்பெனியில் நடந்த அதிசயம்

மாம்பழ சீசனில் ஒரு மாங்கூழ் கம்பெனி மேனேஜர் ஷெட்டுக்கு வந்தார். பழம் கழுவுகிற தண்ணீர் ஒரு இரும்புத் தொட்டியில் சரிந்து ஓடுகிறதாம். தொட்டியில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது என்று பார்க்க ஒரு அளவுகோல் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கோலின்படி பார்த்தால் போர்வெல் தருவதைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் ஓடுகிறது. "எங்க தொட்டியில தண்ணி பெருகுதுங்க" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போய்ப் பார்த்தால் தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தியும் சாத்தியிருக்கிறார்கள்.

ஒரு பக்கெட்டை நீட்டி அந்த வெள்ளைத் தண்ணீரை விளிம்புவரை பிடித்துக் கீழே வைத்தேன். பழச்சாறு கலந்த தண்ணீர் என்பதால் நுரை உடனே அடங்கவில்லை, மெதுவாக அடங்கியது. அடங்க அடங்கத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போய் பக்கெட்டில் மூன்றில் ரெண்டு பங்குக்கு வந்து நின்றது. "மீதி அத்தனையும் காத்துங்க" என்றேன். மேனேஜர் முகமும் கூடவே இறங்கிவிட்டது. பாவமாகப் போய்விட்டது எனக்கு. பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் ரொம்பத் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்:

"எறங்காம அப்படியே நிக்கறதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குங்களா மேடம்?"

நீல நூல் தீர்ந்துபோன நாள்

இனி என் தப்பு. பேரிகைப் பக்கம் ஒரு ஏரி. பெயர் வேண்டாம். ஏரி ரொம்பிக் கோடி போனால் அந்த உபரித் தண்ணீர் ஒரு சரிவில் இறங்கிக் கீழே ஓடைக்குப் போகும். மண் வாய்க்கால் என்பதால் வருஷா வருஷம் கரையை அரித்துக்கொண்டே இருந்தது. அதைச் சிமெண்டு வாய்க்காலாகக் கட்ட முடிவு செய்து அரசு ஆபீஸின் ஜூனியர் இன்ஜினியர் பவித்ரா மேடம் வரைபடம் கொண்டுவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். சரிவு முடிகிற இடத்தில், சுவரை ஒட்டினாற்போல முனிராஜ், சரோஜா என்று புருஷன் பெண்டாட்டி தூண் நட்டுப் பிளாஸ்டிக் கூரைப் பந்தலாகப் பாலிஹவுஸ் போட்டு ரோஜா வளர்க்கிறார்கள். வரைபடத்தில் அது வெறும் கட்டம். "தனியார் நிலம்" என்று எழுதியிருந்தது.

நஞ்சப்பண்ணன் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு வாய்க்காலை அக்ரிலிக்கில் செய்தார். இதில் ஒரு சங்கடம் உண்டு. சின்னத் தண்ணீருக்குத் தோல் கெட்டி. அக்ரிலிக் வாய்க்காலில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது வெளுக்காது, காற்றை உள்ளே விடாது. அதே தண்ணீர் நிஜ வாய்க்காலில் பாலாகப் பொங்கும். அதனால் எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். அளந்த உயரத்துக்கு நீல நூல் கட்டுவோம். காற்றுக்காகக் கூட்டவேண்டியதைக் கூட்டி, அதற்கு மேலே சிவப்பு நூல் கட்டுவோம். சிவப்புக்கு மேலே ஒரு சாண் விட்டுச் சுவர் கட்டணும். ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் இது அத்துப்படி. வந்ததும் சிவப்பைத்தான் பார்ப்பார்கள்.

அன்றைக்கு நீல நூல் தீர்ந்துபோச்சு. சாயந்திரம்தான் ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள், அதற்குள் மாற்றிவிடலாம் என்று அளந்த உயரத்துக்குச் சிவப்பு நூலையே கட்டிவிட்டு நீல நூல் வாங்கக் கடைக்குப் போனேன். அவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். ரமேஷ் சார் பெங்களூரு போயிருந்தார். நான் திரும்பி வரும்போது ஷெட் வாசலில் டயர் தடம்தான் இருந்தது. உடனே ஒரு போன் போட்டிருக்கணும். போடவில்லை. எல்லாக் கணக்கும் ரிப்போர்ட்டில் எழுதித்தானே அனுப்பப்போகிறோம், அதில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். ரிப்போர்ட் போய்ச் சேர்வதற்குள் அங்கே சுவர் வரைந்தாகிவிட்டது. ரிப்போர்ட் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு நஞ்சப்பண்ணன் சிரித்த முகமாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"செவப்பு நூலு நல்லாத் தெரியுதுன்னு போட்டோ எல்லாம் புடிச்சுட்டுப் போனாங்கம்மா, ரொம்ப சந்தோசம் அவுங்களுக்கு."

முனிராஜின் போன்

வாய்க்கால் கட்டி முடித்து முதல் மழைக்கு ஏரி கோடி போனது. அதுவும் பாதி அளவுதான். மறுநாள் காலையில் முனிராஜ் போன் செய்தார். முன்னே சரிவு அளக்கப் போனபோது என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். "மேடம், சுவரு புதுசா நல்லாத்தான் இக்குது. தண்ணிதான் அதுக்கு மேல எட்டி எட்டிப் பாக்குது. ஒருவாட்டி வந்துட்டுப் போறீங்களா?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சிவப்பு நூல்தான் ஞாபகம் வந்தது.

நஞ்சப்பண்ணன் வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். மேலே கண்ணாடியாக இறங்குகிற தண்ணீர் நடுச்சரிவில் சட்டென்று வெளுத்து, கீழே வரும்போது சுவரின் விளிம்பைத் தொட்டுத் துள்ளிக்கொண்டிருந்தது. துள்ளினது அத்தனையும் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்து பாலிஹவுஸ் தூண்களின் அடிமண்ணைக் கரைத்தது. பாதித் தண்ணீருக்கே இந்தக் கதி. ஏரி முழுசாகக் கோடி போனால் தண்ணீர் சுவருக்கு மேலே முக்கால் அடி எழும்பும், தூண் சாயும், பந்தலும் ரோஜாவும் ஓடையோடு போகும். இதைக் கணக்குப் போட எனக்குக் காகிதம்கூடத் தேவைப்படவில்லை. அப்போது ஆவணி மாதம். ஐப்பசிக்குள் சுவரை உயர்த்தியாக வேண்டும்.

சிவப்பு நூல் கதையை அங்கேயே சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. சரோஜா உள்ளே போய் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். யாராவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முனிராஜ் நனைந்த மண்ணைக் காலால் தள்ளித் தூணுக்கு அணைத்துக்கொண்டே, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்டார்:

"கண்ணாடியில வாய்க்கா செஞ்சீங்களே மேடம், பக்கத்துலயே எங்க பந்தலையும் ஒண்ணு சின்னதா செஞ்சு வெச்சிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும் இல்ல?"

பலகை மேல் படுத்த கதை

சுவரை உயர்த்துங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது, எவ்வளவு என்று அளந்து காட்டணும். எங்களிடம் ஒரு ஊசி இருக்கிறது. அதன் நுனி தண்ணீரில் இருந்தால் ஒரு மாதிரி, காற்றில் இருந்தால் ஒரு மாதிரி கம்ப்யூட்டருக்குச் சொல்லும், ஒரு நொடிக்குள் ஆயிரம் தடவைக்கு மேலே. வாய்க்காலுக்குக் குறுக்கே, சுவருக்கு மேலே முட்டுக் கொடுத்துப் பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்து, ஊசியை வெள்ளைத் தண்ணீருக்குள் நீட்டிப் பிடிக்கணும். அடியிலிருந்து ஒவ்வொரு விரற்கடையாக மேலே ஏற்றணும். அடியில் கிட்டத்தட்ட எல்லாம் தண்ணீர். மேலே வர வரப் பாதிக்குப் பாதி காற்று. அதற்கும் மேலே தண்ணீர் என்று சொல்வதே மரியாதைக்குத்தான்.

கோடித் தண்ணீர் வடிவதற்குள் மறுநாளே ஊசியோடு போனேன். படுப்பதற்கு முன்னால் வீராப்பாகத்தான் இருந்தேன். படுத்து, முகத்துக்கு ஒரு முழம் கீழே அது இரைந்துகொண்டு ஓடுவதைப் பார்த்ததும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஊசி நடுங்கினால் அளவு தப்பு. இன்னொரு தப்பு செய்ய எனக்குத் தெம்பு இல்லை. இடுப்பில் கட்டிய கயிற்றைக் கரையில் நஞ்சப்பண்ணன் பிடித்திருந்தார். அது போதாது என்று சரோஜா தானாகவே வந்து பலகையில் உட்கார்ந்து என் ரெண்டு கணுக்காலையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரோஜா முள் குத்திக் குத்திக் காய்த்துப்போன கை. என் நடுக்கம் நின்றுவிட்டது. ரெண்டு மணி நேரம் அப்படியே இருந்தோம். நடுவில் திரும்பி, "உனக்கு பயமா இல்லையா சரோஜா?" என்று கத்திக் கேட்டேன். அந்த இரைச்சலுக்கு மேலே அவளும் கத்தினாள்:

"நீ தண்ணியப் பாருக்கா, நான் உன்னயப் பாத்துக்கறேன்!"

யார் பெயர் மேலே

அளவு கிடைத்துவிட்டது. தண்ணீர் எழும்பும் முக்கால் அடியும் அதற்கு மேலே விடவேண்டிய ஒரு சாணும் சேர்த்து, சுவரை ஒன்றரை அடி உயர்த்தணும். பவித்ரா மேடம் ஷெட்டுக்கே வந்தார். அவர் முகம் என் முகத்தைவிட வாடியிருந்தது. போட்டோவைப் பார்த்துச் சுவர் வரைந்தது அவர்தான். "அக்கா, ஒளிக்காமச் சொல்லுதேன். மாடல்ல நூலு மாறிப் போச்சுன்னு நீங்க எழுத்துல குடுத்தா, அதை வெச்சு நான் பத்து நாள்ல வேலைய ஆரம்பிச்சிருவேன். ரிப்போர்ட்ட நானும் திருப்பிப் பாக்கலன்னு எங்க ஆபீஸ்ல நான் எழுதிக் குடுத்துருதேன். ரெண்டு பேரும் எழுதாட்டி, மழை சாஸ்தின்னு சொல்லி ஃபைலு அப்படியே தூங்கிரும்" என்றார். எழுதினால் எங்கள் ஷெட்டின் பெயர் கெடும். அப்புறம் எந்த ஆபீஸ்காரர் எங்களை நம்பி வரைபடம் கொண்டுவருவார்? ரமேஷ் சார் இருபது வருஷமாக இந்த ஷெட்டைப் பிள்ளை மாதிரி வளர்த்திருக்கிறார்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன். "நூல் மாற்றிக் கட்டியதும், அதைப் போனில் சொல்லாமல் விட்டதும் என் தவறு" என்று எழுதி, கீழே ஜெசிந்தா என்று கையெழுத்துப் போட்டு ரமேஷ் சார் மேஜையில் வைத்தேன். சீட்டுக் கிழியப்போகிறது என்றே நினைத்தேன். நாற்பத்தாறு வயசில் இனி எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது? அவர் மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து போய் அந்த அக்ரிலிக் வாய்க்காலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார். ஒரு திட்டும் இல்லை. பேனாவை எடுத்து என் கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். நான் "சார், தப்பு என்னுது" என்றேன். அவர் வீட்டில் பேசுவது கன்னடம். அழுத்தமாக எதையாவது சொல்லவேண்டும் என்றால் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொல்வார், கடைசியில் கன்னடம் கலந்துவிடும்:

"வாசல்ல போர்டுல யாரு பேரு இக்குது? நல்லது வந்தா அந்தப் பேருக்கு, கெட்டது வந்தா உன் பேருக்கா? நடம்மா, போயி ஊட்டா பண்ணு, சோறு ஆறிப்போச்சு."

பன்னிரண்டு அடி பாக்கி

வேலை ஆரம்பித்தது. பழைய சுவரில் துளை போட்டுக் கம்பி நட்டு, சென்ட்ரிங் அடித்து, மேலிருந்து கீழாகக் கான்கிரீட் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் பஸ் பிடித்துப் போய் நின்று பார்ப்பேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. சும்மா நிற்பேன். மேஸ்திரி என்னைப் பார்த்ததும் அளவு டேப்பை நீட்டிவிடுவார். ஐப்பசி பிறந்து ஒரு வாரம் ஆனது. கடைசிப் பன்னிரண்டு அடிதான் பாக்கி. அதுவும் பாலிஹவுஸின் ஓரமாக. அன்றைக்குப் பார்த்து வானம் கறுத்துக்கொண்டது. விடிந்ததிலிருந்து அடித்த மழைக்கு, ஏரி மத்தியானத்துக்குள் ரொம்பிவிட்டது என்று முனிராஜ் போன் செய்தார். நான் லீவு சொல்லவில்லை, டிபன் பாக்ஸைக்கூட மூடவில்லை. நஞ்சப்பண்ணன் ஏற்கெனவே வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

போய்ச் சேரும்போது ஊரே அங்கே இருந்தது. உரச்சாக்கில் மண் ரொப்பி அந்தப் பன்னிரண்டு அடிக்கும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பவித்ரா மேடம் முழங்கால் அளவுச் சேற்றில் நின்று சாக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் வந்தது. மேலே கண்ணாடி, நடுவில் பால், கீழே பொங்கல். புதுச் சுவரில் ஏறி ஏறி வந்த நுரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. மேலே ஏறவில்லை. அங்கே நின்றுவிட்டது! முனிராஜ் சுவரைத் தட்டிக் கொடுத்தார். நான் வாய்விட்டு அழுதேன். ஆனால் சாக்கு அடுக்கின இடத்தில் கொஞ்ச நேரத்தில் ரெண்டு சாக்கு சரிந்தது. அந்த இடுக்கில் பூந்த தண்ணீர் பாலிஹவுஸுக்குள் இறங்கி, ஓரத்தில் இருந்த ரெண்டு பாத்தியை வேரோடு வழித்துக்கொண்டு போனது. மொக்கு விட்ட செடிகள் சேற்றில் மிதந்து போயின. அதற்குள் இன்னும் சாக்கு போட்டு அடைத்துவிட்டார்கள். தூண் ஒன்றும் சாயவில்லை. மீதித் தோட்டம் நின்றது.

மழை விட்டதும் சரோஜா போன பாத்திகளின் ஓரத்தில் குத்த வைத்து, தப்பின நாலைந்து செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னாலதான் சரோஜா. அன்னிக்கே ஒரு போன் போட்டிருந்தா இந்த ரெண்டு பாத்தியும் இருந்திருக்கும். என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். என் தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, என்னைக் கேட்காமலே, என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"இந்தக் கரையில எத்தனையோ பேரு எத்தனையோ தப்பு பண்ணிட்டுப் போயிருக்காங்கக்கா. திரும்பி வந்து நனைஞ்சவ நீ ஒருத்திதான்."

அதனால் என் கட்சிக்காரர்களே, சுவரை ஒரு சாண் கூட்டிச் சொன்னால் ஆபீஸில் திட்டு வாங்குவோம், ஒரு சாண் குறைத்துச் சொன்னால் இந்த மாதிரி அன்பை வாங்குவோம், ரெண்டில் தாங்கக்கூடியது திட்டுதான்.